கண்ணாக் காட்டுக்குக் கிடைக்காத ஓராண்டு

என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் அலுவலர்கள் அண்மையில் என் வீட்டுக்கு வந்திருந்தனர். யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் கரையோரத்தை வானிலிருந்து எடுத்த படம் ஒன்றை மடிகணினியில் விரித்துக் காட்டினர். கரை நெடுகிலும் பச்சை படர்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் சாம்பல் நிறச் சதுரங்கள் வரிசையாகக் கிடந்தன.

“இதிலை முந்திக் காடு இருந்ததோ சேர்?” என்று அவர்களுள் மூத்தவர் கேட்டார்.

இருந்தது என்றேன். எதனால் அழிந்தது என்று கேட்டார். புயலால் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். அவர்கள் போனபின்பு அந்த விடை என்னை உறுத்தியது. அது பொய்யன்று, ஆயினும் முழுமையும் அன்று. மறுநாள் தொலைபேசியில் அழைத்து, மிகுதியை எழுதித் தருவதாகச் சொன்னேன். அதனையே இங்கு எழுதுகிறேன்.

வனப் பணிக்கு நான் மலைநாட்டில் பயிற்றப்பட்டேன். அங்கே மரங்கள் நேராக நின்றன. நின்ற மரத்தை அளப்பதற்கே எங்களுக்குக் கற்பித்தார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் ஊர்ப்பக்கம் மாற்றலாகி வந்தபோது, உவர்ச்சேற்றில் சாய்ந்தும் வளைந்தும் நின்ற கண்ணா என்னும் கண்டல் மரங்களைக் கண்டு, இவற்றையும் மரம் என்பார்களோ என்று எண்ணினேன். போர் நடந்த காலத்தில் அளக்கும் பணி பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. மிதிவெடிகள் அகற்றப்பட்ட பின்னரே மீண்டும் சேற்றில் இறங்கினோம்.

அப்பொழுது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சாமுவேல் ஐயா. கொக்குவிலைச் சேர்ந்தவர், மிசன் பாடசாலை ஒன்றில் படித்தவர். சேற்றுக்குள் இறங்கும் நாளிலும் அழுத்தி மடித்த வெள்ளைச் சட்டையையே அணிவார். எங்களை ‘நீர்’ என்றே விளிப்பார். வைதாலும் நீரே. ‘ஏறக்குறைய’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எங்கள் வாயிலிருந்து வந்தால் அன்றைய வேலையை மறுபடி தொடங்கச் சொல்வார்.

அவர் மரத்தை அளக்கும் முறையைச் சொல்லாமல் இதனை எழுத இயலாது. மார்பளவு உயரத்துக்கு வெட்டிய ஒரு தடியைச் சேற்றில் ஊன்றுவார். தடி சேற்றில் புதையாதிருக்க அதன் அடியில் ஒரு பலகைத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். தடியின் நுனி தொட்ட இடத்தில் மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் கையால் துடைப்பார். நாடாவைச் சுற்றி, அது தண்டுக்குக் குறுக்காகச் சரியாகப் படிந்துள்ளதா என்று மறுபுறம் சென்றும் பார்ப்பார். அளவை உரத்துச் சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன். அவர் இன்னொருமுறை நாடாவைப் பார்த்துத் தலையசைத்த பிறகே எழுதுவேன். ஒரு மரத்துக்கு இவ்வளவு நேரமா என்று யாரேனும் முணுமுணுத்தால், “மரம் எங்கையும் ஓடாது. நீர் ஆறுதலாய் எழுதும்” என்பார்.

அந்தச் சுற்றளவிலிருந்து மரத்தின் எடையைக் கணிப்போம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி காபன், அதாவது கரி, என்பது எங்கள் கணக்கு. (‘ஏறக்குறைய’ என்றதற்கு ஐயா என்னை மன்னிப்பாராக.) கண்டற்காட்டில் இதனினும் பெரிய பங்கு சேற்றுக்குள் இருக்கிறது. உதிர்ந்த இலையும் இறந்த வேரும் காற்றுப்படாத உவர்ச்சேற்றில் மக்காமல் தலைமுறை தலைமுறையாகப் படிந்து கிடக்கும். மேலே நிற்கும் மரம் அந்தச் சேமிப்புக்குக் காவல். மரம் பட்டு, வேர் அழுகி, சேறு காற்றைக் காணத் தொடங்கினால், சேர்த்து வைத்ததெல்லாம் மெல்ல வளிமண்டலத்துக்குத் திரும்பிவிடும்.

புயல் பற்றியும் எங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லாரும் நம்பினோம். சாமுவேல் ஐயா சிறுவராக இருந்தபோது ஒரு பெரும் புயல் குடாநாட்டைப் புரட்டியது. அதன்பின் அவர் படித்து, வேலைக்கு வந்து, தலை நரைக்கும்வரை அதற்கு நிகரான ஒன்று வரவில்லை. கடற்கரை மணலில் நாங்கள் நட்ட சவுக்குகள் காற்றுக்கு அஞ்சாமல் வளர்ந்து முதிர்ந்ததை அவர் சான்று காட்டுவார். பெரும் புயல் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும். அது விழுத்தியதைக் காடு ஆறுதலாக எழுப்பிக்கொள்ளும். இழந்த காபனையும் மீண்டும் சேர்த்துக்கொள்ளும். நடுகைத் திட்டங்கள், மறு அளவைக்கான காலம், வளர்ச்சி மதிப்பீடு ஆகிய யாவும் இந்த நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டிருந்தன.

இனி அந்தச் சாம்பல் நிறச் சதுரங்கள் இருந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

அது கடல்நீரேரியை ஒட்டிய சிறு மீனவர் குடியிருப்பு. போர் முடிந்தபின் மீளக் குடியமர்ந்தவர்கள். வீடுகளுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு கண்ணாக் காடு நின்றது. வாடைக்காற்றையும் ஏறிவரும் நீரையும் அதுவே தடுத்தது. அந்த நிலத்தை இறால் வளர்க்கக் குத்தகைக்குத் தருமாறு வெளியிலிருந்து ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. நிலத்தில் உயிருள்ள காடு உண்டென்று எங்கள் அளவை காட்டினால் அது எவரும் வெட்டக் கூடாத ஒதுக்கக் காடாகும். இல்லையென்று காட்டினால் குத்தகைக்குத் தடையில்லை. மாரி முடிந்ததும் அளப்பதாக இருந்தோம். மாரி முடியுமுன் புயல் வந்தது.

நீர் வடிந்தபின் போய்ப் பார்த்தோம். காடு முழுவதும் தெற்கு நோக்கிச் சாய்ந்து கிடந்தது. பாதி வேர் சேற்றோடு பெயர்ந்து நிமிர்ந்திருந்தது. மறுபாதி மண்ணுக்குள் இருந்தது. குடியிருப்பில் பல வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆயினும் ஓர் உயிர் போகவில்லை. காற்றின் வேகத்தைக் காடு வாங்கிக்கொண்டது என்பது எங்களுக்கும் அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அப்பொழுது அளக்காமல் மாசி மாதத்தில் மறுபடி சென்றோம். கிடந்த தண்டுகளிலிருந்து வரிசை வரிசையாகத் தளிர்கள் நேர்மேலே கிளம்பியிருந்தன. சாமுவேல் ஐயா சேற்றில் முழந்தாளிட்டு, கிடந்த மரமொன்றின் பட்டையை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை.

அந்தக் குடியிருப்பின் மாதர் சங்கத் தலைவி பிலோமினா அக்காவும், அவருடைய தம்பி அந்தோனியும் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். ஐயா நாடாவை எடுத்ததும் அந்தோனி, “என்ன பெரிய சேர், மரத்துக்குக் காற்சட்டை தைக்கப் போறியளோ?” என்றான்.

“வாயை மூடு” என்றார் பிலோமினா. பிறகு எங்களைப் பார்த்து, “காடு இருக்கெண்டு எழுதுவியள்தானே?” என்று கேட்டார்.

ஐயா நாடாவைச் சுருட்டினார். என்னை அப்பால் அழைத்துச் சென்றார். சிக்கல் இதுதான்: விதிப்படி, தரையோடு சாய்ந்துவிட்ட மரம் ‘விழுந்தது’ எனப்படும், அது கணக்கில் சேராது. அதிலிருந்து எழும் தளிர், குறித்த சுற்றளவை எட்டினால் தனி மரமாகச் சேரும், எட்டாதவரை செடிதான். எங்கள் முன் கிடந்தது உயிருள்ள காடு. விதியின் கண்ணுக்கோ அங்கே ஒரு மரமும் இல்லை.

“சேர், இது உயிரோடை இருக்கு” என்றேன்.

“ஓம், எனக்கும் கண் தெரியுது. நீர் இதை எந்தக் கட்டத்துக்கை எழுதப் போறீர்?”

“தடிச்ச தளிர் கொஞ்சம் இருக்கு. சுற்றளவைக் கொஞ்சம் தாராளமாய்ப் பிடிச்சால்…”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. “நீர் ஒரு மில்லிமீற்றர் கூட்டி எழுதினால், நான் இத்தனை வருசம் அளந்ததெல்லாம் பொய்யாய்ப் போம்.”

“அப்ப விதி பிழையெண்டு மேலிடத்துக்கு எழுதுவம்.”

“எழுதலாம். உவை விதியை மாத்த எத்தினை வருசம் எடுப்பினம் எண்டு உமக்குத் தெரியும். தளிர் தடிக்க இன்னொரு மாரி காணும். எது கெதியாய் நடக்கும்?”

அவர் எடுத்த முடிவு அவருடைய இயல்புக்கு ஏற்றது. பொய் எழுதவில்லை, விதியை மீறவுமில்லை. நிலம் அளவைக்கு உகந்த நிலையில் இல்லை என்று எழுதி, ஓராண்டுத் தவணை கேட்டார். அப்படி ஒருமுறை தவணை கேட்க விதியில் இடமிருந்தது. தவணையும் கிடைத்தது. பிறகு வரம்புக்கு வந்து பிலோமினாவிடம் சொன்னார்:

“பிள்ளை, ஒரு வருசம் பொறுங்கோ. உந்தத் தளிரெல்லாம் மரமாய்க் கணக்குக்கு வரும். அதுமட்டும் ஒருத்தரும் கத்தி வைக்கக் கூடாது. ஆடும் போகக் கூடாது.”

“ஒரு வருசம் காணுமோ பெரிய சேர்?”

“காணும்.”

அவர் அதை ஐயமின்றிச் சொன்னார். நானும் ஐயுறவில்லை. பெரும் புயல் வந்து போய்விட்டது. இனி நெடுங்காலம் அமைதி என்பது எங்கள் இருவருக்கும் பட்டறிவாகவே இருந்தது.

அந்த ஓராண்டில் அம்மக்கள் என்ன பொறுத்தார்கள் என்பதை வெளியார் எளிதில் உணர மாட்டார்கள். கூரை போன வீடுகள்; வேலிகள் வீழ்ந்துவிட்டன; வாசலில் ஒரு காடே விறகாகக் கிடந்தது. அதில் ஒரு கொப்பைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. பிலோமினா வீடு வீடாகச் சென்று சத்தியம் வாங்கினார். ஆடுகளைக் கட்டி வளர்த்தார்கள். விறகுக்கும் வேலி அடைக்கும் அலம்பல் கொப்புகளுக்கும் வெகுதூரம் போனார்கள். நான் மாதந்தோறும் போகும்போதெல்லாம் அந்தோனி ஏதாவது சொல்வான்.

“சேர், அக்கை எங்களைப் பச்சைத் தண்ணியிலை சோறு ஆக்கச் சொல்லுறா. உங்கடை புத்தகத்திலை அதுக்கு வழி இருக்கோ?”

“உனக்குச் சோறு காய்ச்சித் தாறதே பெரிய காரியம்” என்பார் பிலோமினா. “மரத்தைவிட நீதான் கூடக் கிடக்கிறாய்.”

அவன் சிரிப்பான். எனினும் காவலுக்கு முதலில் போகிறவனும் அவனே. வேற்றூரிலிருந்து விறகு வெட்ட வந்த இருவரைக் கத்தியோடு பிடித்து, தேநீர் கொடுத்து அனுப்பியவனும் அவனே.

தளிர்கள் தடித்தன. நாடா பிடிக்க முடியாத அளவு மெல்லியனவாக அவை இருந்தபோது, ஐயா தையல் நூலால் சுற்றி, அந்த நூலை அளவுகோலில் நீட்டிப் பார்ப்பார். ஆவணியில் நாடாவே போதுமாயிற்று. புரட்டாதியில் அவர் அளந்துவிட்டு, “தை பிறக்கட்டும்” என்றார். அவர் மகிழ்ச்சியைக் காட்டியது அவ்வளவுதான். ஓய்வுக்கு முன் தாம் செய்யும் கடைசி அளவை அதுவாக இருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார்.

கார்த்திகையில் மறுபடியும் புயல் வந்தது.

அது முன்னையதைப்போல் வலியது அன்று. நின்ற காடாயின் இலையை உதிர்த்துவிட்டுத் தாங்கியிருக்கும். ஆனால் அது நகர மறுத்தது. கடலிலேயே தங்கி நாட்கணக்காக மழையைக் கொட்டியது. கண்ணா சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் மூச்சுவேர்கள் நீருக்குள் மூழ்கியே கிடந்தன. பின்னர் காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடித்தது. கிடந்த தண்டிலிருந்து எழும் தளிருக்கு மரத்தின் உள்ளே பிடிமானம் இல்லை. பட்டையோடு ஒட்டிக்கொண்டே வளர்கிறது. காற்று அவற்றை மடக்கிப் பட்டையோடு உரித்து எறிந்தது. முதற் புயலிலிருந்து எழுவதற்காக மரம் தன்னிடம் இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டது. இரண்டாம் முறை எழ அதனிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

தை மாதத்தில் அளவைக்குப் போனோம். சாமுவேல் ஐயா வெள்ளைச் சட்டையோடு வந்தார். தடியை ஊன்றினார். ஒரு தண்டும் விடாமல் சென்று, பட்டையைக் கீறிப் பார்த்து, “இல்லை” என்றார். நான் “இல்லை” என்று திருப்பிச் சொன்னேன். அவர் இன்னொருமுறை பார்த்துத் தலையசைத்தார். நான் எழுதினேன். எங்கள் முறையில் அவர் எதையும் குறைக்கவில்லை. அங்குமிங்கும் ஒன்றிரண்டில் பச்சை இருந்தது. அவற்றையும் உள்ளபடி எழுதினோம். அவை போதவில்லை.

பிலோமினா வரம்பிலேயே நின்றார். நாங்கள் கரையேறியதும், “இன்னொரு வருசம் கேட்டுப் பாருங்கோவன், பெரிய சேர்” என்றார்.

“ரெண்டாந் தரம் கேக்க விதியிலை இடமில்லை, பிள்ளை.”

“நாங்கள் ஒரு கொப்பும் தொடேல்லை.”

“தெரியும்.”

“இப்ப கம்பெனிக்காறன் வந்து முழுதையும் வெட்டுவான்.”

ஐயா தம் கைகளிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கைகள் தூய்மையான பின்னரும் துடைத்தார். பிறகு அறிக்கையில் கையொப்பமிட்டார்.

சில மாதங்களில் இறால் குளங்கள் வெட்ட இயந்திரங்கள் வந்தன. அகழ்ந்து மேலே கொட்டிய சேறு முதலில் கருமையாக இருந்தது. வெயிலில் வெடித்துப் பழுப்பானது. அந்த நிறமாற்றத்தின் பொருள் எனக்குத் தெரியும்: பல தலைமுறைச் சேமிப்பு கண்முன்னே காற்றில் கரைகிறது. எந்த அட்டவணையிலும் அதற்கு இடமில்லை. நாங்கள் நிற்கும் மரங்களை மட்டுமே எழுதினோம். சில ஆண்டுகள் இறால் வளர்ந்தது. மூன்றாவது புயலில் குளக்கட்டுகள் உடைந்து, நீர் குடியிருப்பினுள் புகுந்தது. இம்முறை இரண்டு முதியவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. நிறுவனம் குளங்களைக் கைவிட்டுப் போனது. மக்களைச் சாவகச்சேரிக்கு அப்பால், நீர் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேட்டு நிலத்தில் குடியேற்றினார்கள்.

ஓய்வு பெற்ற ஐயாவைக் கொக்குவிலுக்குச் சென்று அவ்வப்போது பார்ப்பேன். இந்தக் காட்டைப் பற்றி அவராகப் பேச்செடுப்பதில்லை. ஒருநாள் மட்டும், நான் புறப்படும்போது, “மரத்தை அளந்தம், அது சரி. ரெண்டு புயலுக்கு இடையிலை கிடக்கிற காலத்தையும் அளக்கவேணும் எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரேல்லை” என்றார். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் சாவகச்சேரிச் சந்தையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த பெண் என்னைக் கூப்பிட்டார். பிலோமினா அக்கா. நலம் விசாரித்தோம். ஐயா இறந்ததை அவர் அறிந்திருக்கவில்லை. கேட்டதும் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“ஊரிலை இப்பவும் என்னைக் குறை பேசினம் சேர். அந்த வருசம் விறகையாவது எடுத்திருக்கலாமாம், வீட்டுக்கு நாலு தடியாவது வெட்டியிருக்கலாமாம். அக்கை சத்தியம் வாங்கிக் கம்பெனிக்காறனுக்குக் காவல் காத்தவ எண்டு சொல்லினம். நான் செய்தது பிழையோ?”

“பிழையில்லை. காடு அப்ப உயிரோடைதான் இருந்தது.”

“அதை ஒருக்கால் வந்து அவையளுக்குச் சொல்லுங்கோவன்.”

போனேன். புதிய குடியேற்றத்தில், இன்னும் கட்டி முடியாத பொதுமண்டபத்தில் கூடியிருந்தார்கள். அந்தோனியின் தலையும் நரைத்திருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்: மரங்கள் உயிரோடு இருந்தன, தளிர்கள் கணக்கில் சேரும் அளவை நெருங்கியிருந்தன, அந்த மாரி அமைதியாகக் கழிந்திருந்தால் காடு அவர்களுடையதாகவே இருந்திருக்கும், வெட்டாமல் காத்தது சரியான செயல்.

“அப்ப நாங்கள் மடையர் இல்லையெண்டு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்” என்றார் பின்னால் இருந்த ஒருவர். சிலர் சிரித்தனர். பிலோமினா சிரிக்கவில்லை.

அந்தோனி எழுந்தான். “சேர், அந்தக் குளங்கள் இப்ப சும்மா கிடக்கு. உடைஞ்ச கட்டுப் பக்கம் கண்ணா தானாய் முளைச்சிருக்கு. மிச்சக் குளக்கட்டையும் வெட்டிவிட்டால் தண்ணி போய்வரும், விதையும் வரும். பெடியளைக் கூட்டிக்கொண்டு நான் போறன். ஆடு மாடு போகாமல் முந்தியும் பாத்தனாங்கள், இனியும் பாப்பம். உது காடாய் நிமிர எத்தினை வருசம் வேணும்?”

“பதினைஞ்சு வருசமாவது வேணும்.”

“அத்தினை வருசம் புயற்காத்து பொறுக்குமோ?”

மண்டபத்தில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் பணிக்காலத்தில் எவரேனும் இதைக் கேட்டிருந்தால், பொறுக்கும் என்று உடனே சொல்லியிருப்பேன்.

“தெரியாது” என்றேன்.

அந்தோனி உட்கார்ந்தான். பிலோமினா என்னைப் பார்த்து, கோபம் சிறிதுமின்றி, “அண்டைக்கும் தெரியாதெண்டே சொல்லியிருக்கலாம் சேர்” என்றார். “நிச்சயமில்லை எண்டு தெரிஞ்சுகொண்டே காத்திருந்தம் எண்டாவது இருந்திருக்கும்.”

கூட்டம் கலைந்தது. குளக்கட்டுகளை வெட்ட எத்தனை பேர் போகப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.